கரண்ட் போன நேரத்துத் தாலாட்டு

மயிலம்பேட்டைப் பிள்ளைகள் சத்தத்தில் தூங்குகிறவை, சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறவை. ஊரில் வீட்டுக்கு நாலு விசைத்தறி, விடிந்தது முதல் மறுநாள் விடிகிற வரை தடக் தடக்கென்று ஓடும். பிறந்த பதினாறாம் நாளே அந்தத் தறிகளுக்கு நடுவில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு அம்மாக்காரி அறுந்த நூலைப் பிணைக்கப் போய்விடுவாள். வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் பிள்ளையும் சொகுசாகத் தூங்கும். வம்பெல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான். இரண்டில் இருந்து நாலு வரை இந்த ஊருக்குக் கரண்ட் கிடையாது. ஆட்சி மாறினாலும் கிடையாது, அதிகாரி மாறினாலும் கிடையாது, மனுக் கொடுத்தாலும் கிடையாது, மறியல் செய்தாலும் கிடையாது. இரண்டு அடித்ததும் ஊரில் உள்ள தறி அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோக, அந்த அமைதியில் திடுக்கிட்டு ஊரில் உள்ள பிள்ளை அத்தனையும் ஒரே நேரத்தில் வீறிடும். காலையில் நாலு மணிக்கு எழுந்து நின்ற கால் மாற்றாமல் நின்ற பெண்களுக்குச் சற்றே தலை சாய்க்கக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான், அதற்கும் இப்படிக் கொள்ளி வைத்தால் என்ன செய்வார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் நாச்சிமுத்து ஒரு தாலாட்டுக் கொடுத்தார். அவரும் தறி ஓட்டியவர்தான், ஆனால் கரண்ட் போன நேரத்தில் மற்ற ஆண்கள் சீட்டாடப் போனால் இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கட்டுவார். திருவிழாவுக்கு, தேர்தலுக்கு, கல்யாணத்துக்கு என்று நூறு பாட்டுக் கட்டியிருப்பார். அதெல்லாம் பாடினவர்களுக்கே மறந்துபோனது. இந்தத் தாலாட்டு மட்டும் நின்றது. "தறி நின்னா என்ன, தங்கமே நீ தூங்கு" என்று ஆரம்பித்து, "அழுத கண்ணு ஆறி வர அப்பன் இங்கே நிக்கறேன்" என்று உருகி, பன்னிரண்டாவது அடியில் "நாச்சிமுத்து சொன்னதிது, நல்லமுத்தே நீ தூங்கு" என்று முடியும். பாட்டு முடிகிறபோது பிள்ளை தூங்கியிருக்கும், தப்பாது. நாலு மணிக்குக் கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்ததும் சிணுங்கிப் புரண்டு, பால் குடித்துவிட்டு, மறுபடி தன் வழக்கமான தூக்கத்துக்குப் போய்விடும். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் கட்டின பாட்டு என்பது ஊருக்கே தெரியும். அவர் பெண்சாதி பாவாயி அசதியில் தூக்கத்திலே பிள்ளை மேல் புரண்டுவிட்டாள், அந்தத் துக்கத்தில் மனுசன் இப்படி ஒரு பாட்டைக் கட்டிவிட்டார் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு தலைமுறைப் பெண்கள் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். அவர் செத்த வருசம் பஸ் நிற்கிற இடத்தில் நினைவு வளைவு கட்டி, தறிக்காரர் சங்கக் கட்டடத்தில் மாலை போட்டுப் படம் மாட்டினார்கள்.

பாவாயிக்கு வளைவும் இல்லை, மாலையும் இல்லை. அந்த ஊரில் நாற்பது வருசம் யாரும் அவள் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்ததில்லை. தொட்டில் போடுகிற வீட்டில் அவளை வாசலோடு நிறுத்திச் சர்க்கரை கொடுத்து அனுப்புவார்கள். அவளும் கேட்டுக் கேட்டுப் பழகி, பிள்ளை இருக்கிற பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஆறு வருசம் கழித்துப் பிறந்த மகள் இந்திராணியைக்கூட நாச்சிமுத்துவின் அக்காதான் வளர்த்தாள். பகலெல்லாம் பால் கொடுத்த தாயைப் பொழுது சாய்ந்ததும் பக்கத்து அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள் என்றால் நம்புவீர்களா, போட்டார்கள். இந்திராணி அப்பாவின் நெஞ்சில் படுத்து, அந்தத் தாலாட்டை அவர் குரலிலேயே கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு உலகத்தில் அதைவிடப் பிடித்த பாட்டு இல்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த அம்மா சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை. பெரிய சத்தமோ கண்ணீரோ இல்லாமல், பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி பாவாயி சொன்னாள். "நான் வாய்க்காலுக்குத் துணி தொவைக்கப் போயிருந்தேன் கண்ணு. கரண்ட் போச்சு. பையன் கத்தியிருக்கறான். உங்கொப்பனுக்குப் பாட்டு வர்ற நேரம், சத்தம் ஆகாதே. மயக்கம் குடுக்கற கசகசாக் காயை ஊற வெச்சுப் பாலாடையில ஊத்தியிருக்கறாரு. தூங்கட்டும்னுதான் ஊத்தியிருப்பாரு, ஆனா ரெண்டு காய்க்குப் பதிலா அஞ்சு காய் ஊறிக் கெடந்துச்சு. நான் வந்தப்பப் பாயில கெடந்தான், அவரு பக்கத்துல நின்னு பாடிட்டிருந்தாரு. பாட்டு நல்லா இருந்துச்சு. கேட்டுக்கிட்டே நானும் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டேன். நாலு மணிக்குத் தறிச் சத்தத்துல முழிச்சுப் பார்த்தா, பையன் சில்லுனு இருந்தான்."

"நீ தூங்கறப்பவே அவன்..."

"அதுக்கு முந்தியே. பாலாடைய மோந்து பார்த்தேன்ல."

"ஏம்மா இத்தன வருசம் சொல்லாம இருந்தே?" என்று இந்திராணி கேட்டதற்குப் பாவாயி சிரித்தாள். "அந்தப் பாட்டக் கேட்டவங்க யாராச்சும் என்னய நம்புவாங்களா? பெத்த அப்பன் அப்படி அழுது பாடறான். நெதமும் ரெண்டு மணிக்கு ஊரே சேர்ந்து பாடுது. நான் ஒருத்தி என்னத்தச் சொல்ல?" அதற்கு மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். பேத்தி கனிஷ்காவுக்கு அப்போது ஐந்து மாதம். பாட்டி கை அந்தப் பிள்ளை மேல் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. கடைசி நாளிலாவது மடியில் போட இந்திராணி தூக்கிக்கொண்டு போனபோது பாவாயிதான் வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்திராணி சும்மா விடவில்லை. நாட்டுமருந்துக் கடைப் பெரியவரைப் போய்க் கேட்டாள், அவர் பொட்டலம் மடித்துக்கொண்டே இருந்தவர் மடிப்பதை நிறுத்திவிட்டு, "எங்கிட்டத்தான் வாங்குனான். ரெண்டு காய்க்கு மேல போடாதேன்னு சொல்லித்தான் குடுத்தேன்" என்றார். இதைச் சங்கத்தில் வந்து சொல்வீர்களா என்றதற்குச் சரி என்று தலையை ஆட்டினார். சொன்னபடி வந்து சொல்லவும் செய்தார்.

கரண்ட் போன நேரத்தில்தான் கூட்டம் போட்டார்கள். கேட்டதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பாவாயியை வாசலில் நிறுத்தியவர்கள் எல்லாருமே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ஆனால் வெட்கம் ஒரு பக்கம், இரண்டு மணி இன்னொரு பக்கம். சங்கத் தலைவர் மாரப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார். "தப்புப் பண்ணுனது மனுசன். பாட்டு என்ன பண்ணுச்சு பாவம்? இங்க இருக்கற அத்தன பேரும் அதக் கேட்டுத்தான வளந்தோம்? அதத் தூக்கிப் போட்டுட்டா நாளைக்கு ரெண்டு மணிக்கு உங்க ஊட்டுப் பிள்ளைய யாரு தூங்க வெக்கறது, நானா?"

"எங்கண்ணன் செத்துட்டிருக்கறப்பப் பாடுனதுங்க அது" என்றாள் இந்திராணி. "எந்தப் பிள்ளைக்கும் அது வேண்டாமுங்க."

"நீ சொல்லறது நெசந்தான் அம்மிணி. அதுக்குத்தான் சொல்லறேன், அந்தாளு பேரை எடுத்துருவோம். கடைசி அடியை வெட்டிருவோம். யாரு நெய்ததுன்னு பார்த்தா நாம வேட்டி கட்டறோம்? துணி நல்லாருந்தாப் போதாதா?"

தறிக்காரர்களுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி யாரும் சொல்ல முடியாது. நெய்ததை அறுத்து விற்கிற ஊர். துணியின் கோடியில் நெய்தவன் பேர் எங்கேயும் இருக்காது. இத்தனை வருசம் ஒரு பாட்டின் கோடியில் மட்டும் பேர் தொங்கிக்கொண்டிருந்ததே அவர்களுக்கு இப்போது வேடிக்கையாகத் தெரிந்தது. அன்றைக்கே வளைவில் இருந்த பேருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சங்கத்துப் படத்தைக் கழற்றி, தூக்கிப் போட மனசு வராமல், சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்கள். மறுநாள் இரண்டு மணிக்கு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பதினோராவது அடியோடு பாட்டை நிறுத்தினார்கள். பாட்டு எப்போதையும்விட அழகாக இருந்ததாகவே எல்லாரும் சொன்னார்கள்.

அன்று நாலு மணிக்குக் கரண்ட் வந்தது, தறிகள் ஓடின, முப்பத்தாறு பிள்ளைகளில் ஒன்றும் சிணுங்கவில்லை.

அதில் கனிஷ்காவும் ஒன்று. இந்திராணி தன் பிள்ளைக்கு அந்தப் பாட்டைப் பாடுவதை அம்மா போன அன்றே நிறுத்தியிருந்தாள். கரண்ட் போனால் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பாள், பிள்ளை அது பாட்டுக்கு அழும். அன்றைக்கு நூல் வாங்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சரசக்காதான் பிள்ளை கத்துவது பொறுக்காமல் வந்து தொட்டிலை ஆட்டியிருக்கிறாள். "பேரைத்தான் எடுத்தாச்சே அம்மிணி, இனி என்ன தோசம்னுதான் பாடுனேன்" என்று அவள் சொன்னபோது இந்திராணிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, ஆனால் யாரை அடிப்பது. சரசக்காவின் ஒரு வயசுப் பேரனும் பக்கத்து வீட்டுத் தொட்டிலில் அப்படித்தான் கிடந்தான், இடது கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு. முப்பத்தாறும் அப்படித்தான் கிடந்தன, ஒரே மாதிரி, இடது கை கன்னத்துக்கு அடியில்.

டவுனில் இருந்து டாக்டர் வந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் போனார், இரண்டு நாள் கழித்து வந்து, "நல்லாத் தூங்கறாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று மயிலம்பேட்டை முணுமுணுத்தது. மார்பில் வைத்தால் தூக்கத்திலேயே குடித்தன. கரைத்து ஊற்றினால் தூக்கத்திலேயே விழுங்கின. நனைத்தன, நகம் வளர்ந்தது, இரண்டு பிள்ளைகளுக்குப் பல்லும் முளைத்தது. சாகவில்லை, சுரமில்லை, வற்றவில்லை. பயப்படுவதற்கும் ஒரு காரணம் வேண்டுமல்லவா, அது கிடைக்காமல் ஊர் பத்து நாளில் பயத்தை விட்டுவிட்டது.

விட்டது மட்டுமா, வசதியும் கண்டுகொண்டது. தறி இரண்டு பங்கு ஓடியது. அங்கன்வாடி டீச்சர் வீடு வீடாகத் தராசோடு வந்து தூங்குகிற பிள்ளைகளை எடை போட்டு எழுதிக்கொண்டு, இப்படி ஆடாமல் அசையாமல் இருந்தால் எத்தனை லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். தடுப்பூசி போடுகிற நர்ஸ் ஒரே மணி நேரத்தில் ஊரை முடித்தாள். மொட்டை அடிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு மொட்டை அடித்தார்கள். காது குத்த வேண்டிய பிள்ளைகளுக்கு, இந்த மாதிரி வாய்ப்புத் திரும்ப வருமா என்று, ஒரே நாளில் வரிசையாகக் காது குத்தினார்கள். பதினொரு பிள்ளைகளின் இருபத்திரண்டு காதிலும் பொட்டு ரத்தம் வந்தது, ஒரு பிள்ளையும் அழவில்லை. ஆசாரி பதினொன்றாவது பிள்ளையை முடித்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார், கூலியை வாங்காமலே எழுந்து போய்விட்டார். அந்த வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது, யாரும் சாப்பிடாமல் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகுதான் ஊருக்கு அழுகை ஞாபகம் வந்தது. கீழத் தெருவில் ஒருத்திக்குப் புதிதாகப் பிரசவமாகி, பாட்டைப் பாடப் பயந்து அவள் சும்மா விட்டதால் அந்தப் பிள்ளை மத்தியானம் பூராவும் கத்தும். இரண்டு மணி ஆனால் பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு அதைக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், கன்னத்துக்கு அடியில் கை வைத்துக் கிடக்கிற தங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்திராணி தறியை நிறுத்தியே பல நாளாகியிருந்தது. புருசன் தனபால் நல்லவன்தான், "டாக்டரே சொல்லிட்டாரு, முழிச்சுக்கும்" என்று காலையிலும் மாலையிலும் சொல்வான்; அவள் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே இருப்பாள். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் அந்தப் பாட்டில் பேர் எப்போது சேர்ந்தது என்று. அப்பா பிள்ளையின் பக்கத்தில் நின்று பாடிய அன்றைக்கு அதில் பேர் இல்லை. மறு வருசம் திருவிழாவில் மேடை ஏறியபோதுதான் பன்னிரண்டாவது அடியைக் கட்டிச் சேர்த்தார் என்று அம்மா சொல்லியிருந்தாள். நாற்பது வருசமாக ஊர்ப் பிள்ளைகள் விழித்துக்கொண்டது அந்தக் கடைசி அடியால். அதை வெட்டியதும் பாட்டு தன் முதல் வேலைக்குப் போய்விட்டது. பேரை எடுக்கக் காரணமாக இருந்தவளே அவள்தான்.

அவள் போய்ச் சொன்னதும் மாரப்பன் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாளே மாரியம்மன் கோயில் மைக்கில் பன்னிரண்டு அடியையும் அவரே பாடினார். நாச்சிமுத்து என்ற பேர் ஒலிபெருக்கியில் வந்தபோது முப்பத்தாறு பிள்ளைகளும் ஒன்றாக ஒரு பெருமூச்சு விட்டன; தொட்டில் சேலைகள் எல்லாம் லேசாக அசைந்தன. அவ்வளவுதான். எந்தக் கண்ணும் திறக்கவில்லை.

இதற்கு மேல் ஊர் எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்ததுதானே. செத்த மனுசனின் கோபம் என்றார்கள். பேரைக் கெடுத்ததற்குப் பழி வாங்குகிறார் என்றார்கள். நாட்டுமருந்துக் கடைக்காரருக்கு எண்பது வயசாகிறது, அவருக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்றார்கள். வளைவில் சுண்ணாம்பைச் சுரண்டி எழுதினார்கள், படத்தைத் திருப்பி மாலை போட்டார்கள், எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் இந்திராணி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மாரப்பன் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, உன்ற காலுல விழுந்து கேட்கறேன். பாட்டைப் பாடிட்டு, ஊர் முன்னால ஒரே வார்த்தை சொல்லிரு. எங்கப்பன் மேல குத்தமில்ல, எங்கம்மாதான் புரண்டாள்னு."

"அது பொய்யிங்க."

"பொய்தான். உன்ற அம்மா நாப்பது வருசம் சுமந்த பொய். செத்துட்டா, இனி அவளுக்கு வலிக்காது. பிள்ளைக உசுரோட கெடக்குது."

வாசலில் நின்ற பெண்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்திராணி சண்டை போட்டிருப்பாள். அவர்கள் தோளில் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு சும்மா பார்த்தார்கள். அவள் தொட்டிலைப் பார்த்தாள். பிள்ளைக்கு முன்னால் அம்மா என்ன, உண்மை என்ன, சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதற்காக அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவள் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் இரண்டு மணிக்குக் கரண்ட் போனதும் ஊர் முழுக்க வளைவுக்கு அடியில் வந்து நின்றது. முப்பத்தைந்து பிள்ளைகள் முப்பத்தைந்து தோளில். தறிச் சத்தம் அடங்கின ஊரில் வெயில் மட்டும் இருந்தது. இந்திராணி கனிஷ்காவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாலு மாதமாக வாயில் வராத பாட்டைப் பாட ஆரம்பித்தாள். பாடும்போதுதான் அதை எவ்வளவு தேடியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்தது. அப்பாவின் நெஞ்சுச் சூடும் பீடி வாசமும் எல்லாம் அந்த மெட்டோடு வந்தன, அழுகை வந்தது, பாட்டு நன்றாகத்தான் இருந்தது, சனியன், அத்தனை நன்றாக இருந்தது. பன்னிரண்டாவது அடியில் அப்பா பேரைச் சொன்னாள். பிள்ளைகள் பெருமூச்சு விட்டன.

"எங்கப்பன் மேல குத்தமில்ல" என்றாள். "எங்கம்மா பாவாயிதான்..."

கையின் கீழே இருந்த பிள்ளை நெஞ்சு எழும்பவில்லை. பெருமூச்சு விட்ட பிள்ளை மறுமூச்சு இழுக்கவில்லை. அவள் தலையை உயர்த்திப் பார்த்தபோது எதிரே நின்ற பெண்கள் எல்லார் முகமும் வெளுத்திருந்தது, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் மூக்குக்கு நேரே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறும் ஒன்றாக நிறுத்தியிருந்தன. வளைவில் புதிதாக எழுதின பேர் பளபளவென்று இருந்தது. அந்த ஒரு நொடியில் இந்திராணிக்கு அம்மா வாய்க்காலில் இருந்து வந்து ஈரக்கையோடு படுத்த பாய் கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டின் மெட்டு இன்னும் அவள் தொண்டையில் இருந்தது. யோசித்துக் கட்ட நேரமில்லை. அப்பன் கட்டின அதே மெட்டில், அப்பன் பேருக்கு அடுத்து, மகள் பாடினாள்.

"கசகசாக் காயை ஊறவெச்சு, கரண்ட் போன நேரத்துல,
பாலாடையில் ஊத்துனது பெத்த அப்பன், நீ கேளு.
பாவாயி வந்து படுக்கும்முன்னே பச்சப்பிள்ளை போயிருச்சே,
பழி சுமந்து போனாளே பாவி மக, நீ கேளு."

கனிஷ்காதான் முதலில் அழுதாள். வாயை அகலத் திறந்து, முகம் கறுத்துச் சிவந்து, நாற்பத்தோரு நாள் அழுகையையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் அழுதாள். அவள் முடிப்பதற்குள் முப்பத்தைந்தும் ஆரம்பித்துவிட்டன. குத்தின காது இப்போதுதான் வலித்தது போலக் காதைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகளும் உண்டு. பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நாலு மணிக்குக் கரண்ட் வந்து ஆயிரம் தறி ஒன்றாக ஓட ஆரம்பித்தபோது அதற்கும் மேலே பிள்ளைகளின் சத்தம்தான் கேட்டது. மாரப்பன் வளைவைப் பிடித்துக்கொண்டு நின்று, "பாவாயி அக்கா, பாவாயி அக்கா" என்று யாரையோ கூப்பிடுவது போல இரண்டு தடவை சொன்னார். அந்தச் சத்தத்தில் அவருக்கே கேட்டிருக்குமோ என்னவோ.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. மயிலம்பேட்டையில் தாலாட்டுக்கு இப்போது பதினாறு அடி. பாவாயி புரளவில்லை என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அவள் பேரில் வருசம் ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார்கள், வளைவில் அவள் பேரையும் அவர் பேருக்குப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள், புருசன் பெண்சாதி என்றால் சேர்ந்துதானே இருக்க வேண்டும் என்று. பதினாறு அடியும் பாடினால் பிள்ளைகள் முன்னைவிட ஆழமாகத் தூங்குகின்றன, சரியாக நாலு மணிக்கு விழிக்கின்றன. வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் கடைசி நாலு அடிதான் ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கள் பக்கம் எல்லாரும் கேட்டு வாங்கி எழுதிக்கொள்கிறார்கள் என்று வந்து சொல்கிறார்கள். கசகசாக் காய் என்கிற இடத்தில் ஒரு சின்ன இழுப்புச் சேர்த்து, கேட்க அத்தனை சுகமாகப் பாடுகிறார்கள். நீ கேளு என்பது தாலாட்டுக்குப் பொருந்தவில்லை என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள், யார் என்று தெரியாது. இப்போது எல்லாரும் அங்கேயும் நீ தூங்கு என்றுதான் பாடுகிறார்கள்.

அதை இந்திராணி முதன்முதலில் கேட்டது ஒரு புதன்கிழமை. கரண்ட் போயிருந்தது. தெரு முழுக்கத் தொட்டில் ஆடியது, ஒவ்வொரு வீட்டில் இருந்தும் பாட்டு வந்தது. பாலாடையில் ஊத்துனது பெத்த அப்பன், நீ தூங்கு. பழி சுமந்து போனாளே பாவி மக, நீ தூங்கு. ஒவ்வொரு வீட்டிலாகப் பிள்ளைச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் தெருவில் அழுதுகொண்டிருந்தது கனிஷ்கா மட்டும்தான்.

சரசக்கா கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் அம்மிணி இப்படிக் கத்த விடறே? பாடு. உன்ற அடிதான அது, ஒரு நிமிசத்துல தூங்கிரும்."

"வேண்டாமுங்க அக்கா."

"நான் வேணாப் பாடட்டுமா?"

"நீங்க போய்ப் படுங்க."

சரசக்கா போன பிறகு இந்திராணி எழுந்து கதவைச் சாத்தினாள். பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அது காதுக்குள்ளேயே வீறிட்டது, காலை உதைத்தது, முடியைப் பிடித்து இழுத்தது. நின்றுபோன தறிகளுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் நடந்தாள். பாட்டு நாக்கு நுனியில் வந்து வந்து நின்றது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"அழு சாமி" என்றாள். "நல்லா அழு. அம்மா முழிச்சுட்டுத்தான் இருக்கறேன்."